சாவி யார் கையில்? லைங் தாயாவின் இணையமும் சின்ன நிறுவனங்களின் வயிற்றெரிச்சலும்



பர்மாவைப் பற்றி எழுதும்போது ராணுவம், அகதிகள், பொருளாதாரத் தடை என்றுதான் நாம் வழக்கமாக ஆரம்பிப்போம். இந்த முறை ஒரு மென்பொருளில் இருந்து ஆரம்பிக்கிறேன். பெயரைக் கேட்டதும் மடலை மூடிவிடாதீர்கள்: நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். ஒரு இணைய நிறுவனம் தன்னிடம் இருக்கிற ரூட்டர், ஸ்விட்ச், ஃபைபர் பெட்டி, வாடிக்கையாளர் வீட்டு மோடம் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்ப்பதற்கும் திருகுவதற்கும் வைத்திருக்கிற மென்பொருள் இது. எந்தத் தெருவில் லைன் போச்சு, யாருக்கு எவ்வளவு வேகம், காசு கட்டாத யாரைத் துண்டிக்கணும், யாரைத் திரும்பச் சேர்க்கணும், எல்லாம் அந்தத் திரையில்தான்.

சின்ன இணைய நிறுவனம் நடத்துகிறவர்களிடம் இந்த மென்பொருளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வசவு கொட்டும். அந்த வசவுக்குள் ஒரு அரசியல் இருக்கிறது, அதை நாம் காது கொடுத்துக் கேட்கணும் என்பதுதான் இந்த உரையின் வாதம்.

முதலில் வசவு என்ன என்று பார்ப்போம். நானும் சில வருசம் புலம்பெயர்ந்த ஊரில் ஒரு சின்ன நிறுவனத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவள். நாலு கம்பெனிச் சாமான், அதற்கு நாலு திரை, நாலு கடவுச்சொல். ஒன்றில் சிவப்பு விளக்கு எரியும், இன்னொன்றில் அதே லைன் பச்சையாக இருக்கும். ஒரு மென்பொருள் பழைய விண்டோஸ் கணினியில் மட்டும்தான் ஓடும், அதனால் அந்தக் கணினியைக் கோயில் விக்கிரகம் மாதிரி யாரும் தொடக்கூடாது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று வருசச் சந்தா. சந்தா முடிந்த அன்று பெட்டி ஓடும், ஆனால் அதை உள்ளே போய்ப் பார்க்க முடியாது. கம்பெனிக்கு எழுதினால், "புது வெர்சனுக்கு மாறுங்கள்" என்று பதில் வரும். மாறினால் பழைய பெட்டிகள் திரையில் இருந்தே காணாமல் போகும். பெரிய நிறுவனத்துக்கு இதைச் சமாளிக்கத் தனி அணி உண்டு. மூணு பேர் வேலை செய்கிற இடத்தில் அந்த மூணு பேரின் தூக்கம்தான் போகும்.

இது தொழில்நுட்பத்தின் தலையெழுத்து என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கம்பெனிப் பெட்டியையும் ஒரே மொழியில் விசாரிக்கலாம் என்பதற்காக எஸ்என்எம்பி என்ற பொது நெறிமுறை 1988-லேயே வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற ஃபைபருக்கு ஜிபான் என்ற பொதுத் தரம் 2003-ல் வந்தது. தாளில் பார்த்தால் ஒரு கம்பெனியின் தெருப்பெட்டியும் இன்னொரு கம்பெனியின் வீட்டு மோடமும் பேசிக்கொள்ளணும். நடைமுறையில் ஒவ்வொரு கம்பெனியும் பொதுத் தரத்துக்கு மேல் தன் சொந்தச் சங்கதிகளைச் சேர்த்து வைக்கும். மோடம் லைனில் ஏறும், ஆனால் அதன் வைஃபையையோ தொலைபேசியையோ அடுத்த கம்பெனித் திரையில் இருந்து அமைக்க முடியாது. கடைசியில், தெருப்பெட்டி வாங்கின கம்பெனியிடமே ஆயிரக்கணக்கான வீட்டு மோடமும் வாங்கணும், மென்பொருளும் வாங்கணும். தெருப்பெட்டி ஒருமுறை வாங்குகிற சாமான், மென்பொருளோ வருசா வருசம் கட்டுகிற வாடகை. சரக்கு விற்ற முதலாளி குத்தகைக்காரனாக மாறுகிற கதையை நாம் நிலத்திலும் விதையிலும் பார்த்திருக்கிறோம். இது அதன் இணையப் பதிப்பு.

இப்போது லைங் தாயாவுக்கு வருவோம்.

யாங்கூனுக்கு மேற்கே, லைங் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது லைங் தாயா. 1988 எழுச்சியை நசுக்கிய ராணுவ ஆட்சி, நகரத்துக் குடிசைவாசிகளைப் பெயர்த்தெடுத்துப் போட்ட புறநகர்களில் ஒன்று. பிறகு தொழிற்பேட்டைகள் வந்தன, ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் துடைத்தெடுத்தபோது வீடும் வயலும் இழந்த குடும்பங்கள் இங்கே வந்து ஒண்டின. 2014 மக்கள்தொகைக் கணக்கில் கிட்டத்தட்ட 6.9 லட்சம் பேர். நாட்டின் மிகப் பெரிய டவுன்ஷிப்களில் ஒன்று, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்கிற இடங்களிலும் ஒன்று. 2018-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச நாள்கூலி 4,800 கியாட். விலைவாசி எங்கேயோ போன பிறகும் 2023 அக்டோபர் வரை அந்தக் கூலி அசையவில்லை.

2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்டுக்குப் பிறகு யாங்கூன் தெருவுக்கு முதலில் இறங்கியவர்களில் இந்த ஆடைத் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள், முன்வரிசையில் இருந்தார்கள். மார்ச் 14 அன்று லைங் தாயாவில் பாதுகாப்புப் படை சுட்டது. குறைந்தது 65 பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்திருக்கிறது. அன்றே ராணுவச் சட்டம் வந்தது. மறுநாள், மார்ச் 15, நாடு முழுக்க மொபைல் இணையம் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 2-ல் கம்பியில்லா பிராட்பேண்டும் போனது. அதற்கு முன்பே, பிப்ரவரி 15 முதல், இரவு ஒரு மணியில் இருந்து காலை ஒன்பது மணி வரை இணையத்தை அணைத்துப்போடுவது தினசரி வழக்கமாகி, ஏப்ரல் கடைசி வரை நடந்தது. வீட்டுக்கு வீடு புகுந்து ஆள் பிடிக்கிற நேரமும் அந்த இருட்டு நேரம்தான்.

மிச்சம் இருந்தது வீடு வரை வருகிற ஃபைபர் கம்பி மட்டும். கையில் இருக்கிற போன் செத்துப்போன ஊரில் ஒரு வீட்டு லைன் ஒரு தெருவுக்கே உயிர்நாடி. யார் பிடிபட்டார்கள், எந்தப் பாலத்தில் தடுப்பு, எந்தத் தொழிற்சாலை பாக்கிக் கூலி தராமல் மூடிவிட்டது, கிராமத்து அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் அந்த ஒரு கம்பி வழியாகத்தான். அந்தக் கம்பியின் மறுமுனையில் இருப்பதுதான் நான் மேலே சொன்ன மேலாண்மைத் திரை.

இரவு ஒரு மணிக்கு அணை, ஒன்பது மணிக்குப் போடு என்ற உத்தரவு உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான் வரும். 2013 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு அவசரநிலை என்ற பெயரில் சேவையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்துவைத்திருந்தது. அதை முதலில் ருசி பார்த்ததும் ராணுவ ஆட்சி இல்ல. 2019 ஜூனில் ராக்கைன், சின் பகுதிகளில் ஒன்பது டவுன்ஷிப்களில் மொபைல் இணையத்தை வெட்டியபோது ஆட்சியில் இருந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கம். ரோஹிங்யா மக்கள் மேலும் ராக்கைன் மக்கள் மேலும் பழகிப் பார்த்த கத்தி, இரண்டு வருசம் கழித்து யாங்கூன் கழுத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத வருசங்களை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காஷ்மீர் 2019-ஐயும் மணிப்பூர் 2023-ஐயும் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது.

ஆனால் உத்தரவுக்குக் கீழே ஒரு தளம் இருக்கிறது, அதைத்தான் நாம் பேசுவதில்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி, அந்தச் சாவியும் மையத்தில் என்று அமைந்த ஒரு கட்டமைப்பில், ஒரு நகரத்தை அணைக்க ஒரு அதிகாரியும் ஒரு பொத்தானும் போதும். அந்தப் பொத்தானை ராணுவம் கண்டுபிடிக்கவில்லை. வியாபார வசதிக்காக, சந்தா கட்டாதவரைத் துண்டிப்பதற்காக, விற்பனையாளர்கள் ஏற்கனவே செய்து வைத்தது. காசு கட்டாதவரை அணைக்கிற கருவிக்கும் கலகம் செய்கிறவரை அணைக்கிற கருவிக்கும் நடுவில் ஒரு தேடல் பெட்டிதான் வித்தியாசம்.

இது பர்மாவில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைத்தால், தமிழ்நாட்டைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவியின் பல லட்சம் செட்டாப் பாக்ஸ்கள் ஒரே அடியாக முடங்கின. மின்சாரம் இருந்தது, கம்பி இருந்தது, பெட்டி நன்றாகத்தான் இருந்தது. மென்பொருள் தந்த தனியார் நிறுவனத்தோடு வந்த தகராறில் படம் போச்சு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போச்சு. வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்தது யார்? ஊர் ஊராகக் கம்பி இழுத்த கேபிள் ஆபரேட்டர். ஒரு மாநில அரசாங்கமே சொந்தப் பெட்டிக்குச் சாவி இல்லாமல் நின்றபோது, லைங் தாயாவில் நாலு தெருவுக்கு இணையம் விற்கிறவர் என்ன செய்வார்?

இன்னொரு தமிழ்த் தொடர்பும் உண்டு. இன்று ஜோஹோ என்று நமக்குத் தெரிந்த நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது விற்றது மின்னஞ்சலும் கணக்குப் புத்தகமும் இல்ல, நெட்வொர்க் மேலாண்மைக்கான மென்பொருள் கருவிகள். ரூட்டரும் ஸ்விட்சும் செய்கிற கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் பெயரில் திரை செய்து கொண்டன. அதாவது உலகம் திட்டுகிற இந்தத் திரைகளின் வரலாற்றில் சென்னைப் பொறியாளர்களின் உழைப்பும் இருக்கிறது. திறமை நம்மிடம் இல்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது. யாருக்காகச் செய்கிறோம், எந்த நிபந்தனையில் கைமாறுகிறது என்பதுதான் கேள்வி.

மேலாண்மைத் திரை வெறும் வசதி என்ற எண்ணத்தை உலக அனுபவமும் உடைத்துவிட்டது. 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருளில் ஊடுருவல் நடந்தது வெளியே வந்தது. ஓரியனும் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். விற்பனையாளர் அனுப்பிய அப்டேட்டிலேயே விஷம் இருந்தது, சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கிக் கொண்டார்கள். 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்த அன்று, வியாசாட்டின் செயற்கைக்கோள் இணையத்தில் பல்லாயிரம் மோடம்கள் பிணமாயின. தாக்கியவர்கள் ஒவ்வொரு மோடமாகத் தேடிப் போகவில்லை. மேலாண்மைப் பிரிவுக்குள் புகுந்து எல்லா மோடத்துக்கும் ஒரே கட்டளை அனுப்பினார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கட்டுப்பாடும் சேர்ந்து போனது.

பர்மாவுக்கே திரும்பினால், 2025 செப்டம்பரில் கீட்ஜ் நெட்வொர்க்ஸ் என்ற சீன நிறுவனத்தின் உள் ஆவணங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் கசிந்தன. இன்டர்செக்லாப், ஜஸ்டிஸ் ஃபார் மியன்மார், அம்னஸ்டி உள்ளிட்டோர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மியன்மாரில் 13 இணைய நிறுவனங்கள், 26 தரவு மையங்கள் என்று அந்த ஆய்வு சொல்கிறது. பெயர் வந்த நிறுவனங்களில் மறுத்தவர்களும் உண்டு. அந்தக் கசிவில் நம் விசயத்துக்கு முக்கியமான இடம் பாகிஸ்தான் பற்றியது: சாண்ட்வைன் என்ற கனடிய நிறுவனம் வெளியேறிய பிறகு அது விட்டுச் சென்ற பெட்டிகளிலேயே கீட்ஜின் மென்பொருள் ஏற்றப்பட்டது. பெட்டிக்கு விசுவாசம் கிடையாது தோழர்களே. சாவி யாரிடம் போகிறதோ அவருக்கு வேலை செய்யும்.

டெலினார் கதையும் அதேதான். நார்வே அரசு பெரும்பங்கு வைத்திருக்கிற நிறுவனம். ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கினால் ஐரோப்பியத் தடைகளை மீறியதாகும், அதனால் வெளியேறுகிறோம் என்றது. 2022 மார்ச்சில் 105 மில்லியன் டாலருக்கு விற்பனை முடிந்தது. கைகழுவினார்கள், ஆனால் ஒரு கோடியே எண்பது லட்சம் வாடிக்கையாளர்களின் விவரமும் அதைப் பார்க்கிற திரையும் புது முதலாளியிடம் போய்ச் சேர்ந்தன. ஆஸ்லோவில் இருக்கிற நம் தோழர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி இரண்டு எதிர்வாதங்கள். இரண்டும் நம் கூட்டங்களில் வரக்கூடியவை, இரண்டுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லணும்.

முதலாவது: சின்ன இணைய நிறுவனக்காரனும் முதலாளிதானே, அவன் வயிற்றெரிச்சலுக்கு நாம் ஏன் மருந்து தேடணும்? அவர் முதலாளிதான். கம்பத்தில் ஏறுகிற பையனுக்குப் பாதுகாப்புக் கயிறு தராதவரும் அவர்களில் உண்டு. ஆனால் டாலரில் போகிற சந்தா அவர் பையில் இருந்து மட்டும் போவதில்லை. 2022 ஏப்ரலில் மியன்மார் மத்திய வங்கி வெளிநாட்டுப் பணத்தைக் கட்டாயமாகக் கியாட்டாக மாற்ற உத்தரவிட்டது. டாலர் கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் சந்தை விலை அரசு விலையைவிட மிக அதிகம். அந்தச் சுமை மாதக் கட்டணமாக ஆறு தொழிலாளிகள் சேர்ந்து தங்குகிற அறைக்கு வந்து இறங்குகிறது. சந்தா கட்ட முடியாத சின்னவர் கடையை மூடினால் அவர் வாடிக்கையாளர்கள் போய்ச் சேர்வது பெரிய நிறுவனத்திடம், பல இடங்களில் ராணுவத்தோடு நெருக்கமான நிறுவனத்திடம். இணையம் எத்தனை சின்னக் கைகளில் பிரிந்து இருக்கிறதோ அத்தனைக்கு அதை ஒரே பொத்தானில் அணைப்பது கஷ்டம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. மென்பொருள் வெளிநாட்டு கிளவுடில் இருந்தால் ராணுவம் கை வைக்க முடியாதே? உள்ளூர் சர்வரில் வைத்தால் ஒரு ஜீப் வந்து தூக்கிக்கொண்டு போகுமே? உண்மைதான். திறந்த மூல மென்பொருளைப் போட்டுவிட்டால் விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. திறந்த மூலத்தை வைத்தும் ஆளைப் பிடிக்கலாம். ஆனால் வெளிநாட்டு கிளவுடும் காவல் தெய்வம் கிடையாது. ஒரு தடை உத்தரவிலோ ஒரு கிரெடிட் கார்டு ரத்திலோ அந்தக் கணக்கு மூடப்படும். உள்ளே உரிமம் வைத்திருக்கிறவரை உட்காரவைத்து மிரட்டினால் கிளவுடின் கடவுச்சொல்லும் வந்துவிடும். சர்வர் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதில் என்ன எழுதிவைக்கப்படுகிறது என்பதுதான் உயிர் காக்கிற கேள்வி. சேமிக்காத பதிவைப் பறிமுதல் செய்ய முடியாது. விற்பனையாளர் மென்பொருள்கள் எல்லாவற்றையும் நீண்ட நாள் சேமிக்கிற மாதிரியே வருகின்றன, அதைக் குறைக்கிற வசதி சின்னவர் கையில் இருப்பதில்லை. தன் கருவியைத் தானே திறந்து பார்க்க முடிகிற நிறுவனம்தான் "இந்தப் பதிவு எங்களிடம் இல்லை" என்று உண்மையாகவே சொல்ல முடியும்.

தமிழர்களாக நமக்கு இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. லைங் தாயாவுக்கு ஆள் அனுப்புகிற அதே டெல்டாவில், 1930-களின் பெருமந்தத்தில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார் வட்டிக்கடைகளின் கையில் வந்து விழுந்தது. கடனாகத் தொடங்கியது நிலமாக முடிந்தது. உழைப்பதற்காகக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் பர்மியக் கோபத்துக்கும் ராணுவத்தின் தேசியமயத்துக்கும் விலை கொடுத்தார்கள். 1960-களில் லட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையோடு வெளியேறினார்கள், சென்னையின் பர்மா பஜார் அப்படித்தான் பிறந்தது. சந்தா என்ற பேரில் வருகிற புது வட்டியை அடையாளம் காண நமக்குத் தனிப் பாடம் தேவையில்லை. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று இந்த முறை சீக்கிரமே முடிவெடுக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? நம் கூட்டு ஒரு சின்ன அமைப்பு. நம் கைக்கு எட்டுகிற வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பணம். நாம் நிதி திரட்டித் தருகிற அமைப்புகள், நாம் வேலை செய்கிற தொண்டு நிறுவனங்கள் எங்காவது நெட்வொர்க் சாமான் வாங்கினால் மூணு கேள்வி கேட்க வைப்போம். சந்தா நின்றாலும் பெட்டியை முழுசாக நிர்வகிக்க முடியுமா? கிளவுட் இல்லாமல் ஓடுமா? எல்லா அமைப்பு விவரங்களையும் வெளியே எடுத்து வேறு கம்பெனிச் சாமானுக்கு மாற முடியுமா? மூணுக்கும் பதில் எழுத்தில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

இரண்டு, உழைப்பு. லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் போன்ற கண்காணிப்புக் கருவிகளும் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ரூட்டர் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கிடைக்காதது, அவற்றை மூணு பேர் அணி ஒன்று பயன்படுத்துவதற்கான எளிய கையேடு. நம்மில் ஐடி வேலை பார்க்கிறவர்கள் நிறைய. மாதம் நாலு மணி நேரம் கொடுத்தால் தமிழில் ஒரு கையேடு எழுதலாம், பர்மியத் தோழர்களோடு சேர்ந்து பர்மியத்திலும் கொண்டுவரலாம். இதே கையேடு வன்னிக்கும் நீலகிரிக்கும் பயன்படும்.

மூணு, முதலீடு. டெலினாரின் பெரும்பங்கு நார்வே மக்களுடையது. நார்ஃபண்டும் பிரிட்டனின் பிஐஐயும் மியன்மார் இணைய நிறுவனத்தில் பொதுப்பணத்தைப் போட்டவை. வெளியேறுகிறோம் என்று அறிக்கை விடுவதோடு பொறுப்பு முடியாது. வெளியேறும்போது வாடிக்கையாளர் பதிவுகளுக்கு என்ன ஆனது, மேலாண்மைச் சாவி யாருக்குப் போனது என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். கடிதத்தின் மாதிரி ஒன்றை அடுத்த மடலில் இணைக்கிறேன்.

நாலு, அடக்கம். மியன்மாரில் 2025 ஜனவரி 1-ல் கொண்டுவந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் விபிஎன் சேவை தருவதற்கே சிறை என்கிறது. அங்கே இருக்கிற யாரையும் பெயர் சொல்லிப் பொதுவில் பாராட்டாதீர்கள், அவர்களுடைய திரையின் படத்தைப் பகிராதீர்கள், "எங்களுக்கு ஒரு பேட்டி" என்று நச்சரிக்காதீர்கள். நம் ஒற்றுமையுணர்வு அவர்களுக்குக் கைதாக முடியக்கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பேசுகிற இடம் என்று இந்த விசயத்தை ஒதுக்கிவைப்பது நமக்குக் கட்டுபடியாகாது. நிலம், ஆலை, அச்சகம் யார் கையில் என்று கேட்டுத்தான் நம் அரசியல் வளர்ந்தது. தெருமுனைப் பெட்டியின் சாவி யார் கையில் என்பதும் அதே கேள்விதான். கையேட்டு வேலைக்கு வர விரும்புகிறவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். நெட்வொர்க் தெரியணும் என்ற அவசியம் இல்ல, பிழை திருத்தவும் படம் வரையவும் ஆள் வேண்டும்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக